வேலையும் மனமும்

'வேலையிலே மனமில்லை' என்பது, வேலை வாங்குவோர் வேலை செய்வோரைப் பற்றிக் கூறும் முறைப்பாடுகளுள் மிகப் பழையது. தோட்டத்துத் துரை அதனைக் கூறினார். ஆலை அதிபர் கூறினார். கந்தோர் மேலதிகாரி கூறினார். பாடசாலை அதிபர் ஆசிரியரைப் பற்றியும், ஆசிரியர் மாணவரைப் பற்றியும் இதனையே கூறக் கேட்கிறோம். இன்றைய முகாமை நூல்கள் இப்பழைய முறைப்பாட்டுக்குச் சற்றே மெருகிட்டு, 'ஊழியர் ஈடுபாடு' எனப் பெயர் சூட்டி, அதனை வளர்த்தெடுக்கும் வழிகளை வரிசைப்படுத்துகின்றன. பாராட்டுப் பத்திரம், பிறந்தநாள் வாழ்த்து, ஆண்டுச் சுற்றுலா, 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்னும் சுவர் வாசகம் என அவ்வரிசை நீளும்.

இம்முறைப்பாடு முழுப்பொய் என நாம் தள்ளிவிடவில்லை. மனமற்ற வேலை உலகில் உண்டு. அதனால் கெடுவது பண்டம் மாத்திரமன்று. நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக நாற்பது ஆண்டுகள் மனத்தை வெளியே நிறுத்திவிட்டு உடலை மட்டும் உள்ளே அனுப்பி வாழும் மனிதன், தன் ஆயுளின் பெரும்பங்கை வாழாமலே கழிக்கிறான். ஆதலால் நற்பணியைப் பற்றிய கேள்வி முதலாளியின் இலாபத்தைப் பற்றிய கேள்வியாய் மட்டும் இருத்தல் இயலாது. அஃது உழைப்பவனுடைய கேள்வியுமாகும்.

ஆயின், அக்கேள்வியை எவ்வாறு கேட்பது? மனிதன் தன் வேலையில் மனத்தை வைப்பது எந்நிலையில் என்பது ஒரு கேள்வி. அவ்வாறு மனத்தை வைக்குமாறு அவனிடம் கோரும் உரிமை எவருக்கு உண்டு, எந்நிபந்தனையின் கீழ் உண்டு என்பது இன்னொரு கேள்வி. முன்னையது உளவியலைச் சார்ந்தது. பின்னையது அறத்தைச் சார்ந்தது. முகாமை நூல்கள் முன்னையதை மட்டுமே கேட்கின்றன. பின்னையதற்கு விடை காணாது முன்னையதற்கு விடை காண முடியாது என்பதே நமது கருத்து.

இவ்விடயத்தில் முதலாளித்துவ உலகம் நடந்துவந்த பாதையைச் சிறிது நோக்குதல் பயன்தரும். அமெரிக்கப் பொறியியலாளரான பிரடெரிக் டெய்லர் 1911 ஆம் ஆண்டு விஞ்ஞான முகாமை பற்றிய தமது நூலை வெளியிட்டார். பெத்லகேம் உருக்காலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்து ஏற்றிய கூலியாளர் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைத் தொன் ஏற்றிவந்தனர். எப்போது தூக்க வேண்டும், எப்போது இளைப்பாற வேண்டும் என ஒவ்வோர் அசைவையும் கடிகாரங்கொண்டு வகுத்து, அதனை நாற்பத்தேழரைத் தொன்னாக உயர்த்தியதாக அவர் பெருமைப்பட்டார். தொழிலாளியின் நாட்கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராயிற்று. வேலை ஏறத்தாழ நான்கு மடங்காக, கூலி இரு மடங்கைக்கூட எட்டவில்லை. இங்கு நாம் கவனிக்க வேண்டியது கணக்கை மட்டுமன்று. சிந்திக்கும் வேலை முழுவதையும் தொழிலாளியிடமிருந்து பிரித்தெடுத்து முகாமையாளரின் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே டெய்லரின் அடிப்படைக் கோட்பாடு. மனம் வேலையிலிருந்து தானாக விலகிப் போய்விடவில்லை. அது திட்டமிட்டு வெளியேற்றப்பட்டது.

அடுத்து வந்தவர் ஹென்றி ஃபோர்ட். 1913 இல் அவரது ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஓடும் பட்டடைத் தொடர் அமைக்கப்பட்டது. ஒரு மோட்டார் வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டுவதற்குச் சென்ற பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட காலம், ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் தொழிலாளர் அவ்வேலையில் நிற்கவில்லை. சுமார் பதினாலாயிரம் பேரைக் கொண்ட தொழிற்படையை நிலைநிறுத்த அந்த ஒரே ஆண்டில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை அவர் வேலைக்குச் சேர்க்க வேண்டியதாயிற்று. சங்கம் அமைத்துப் போராட முடியாத தொழிலாளி, கால்களால் தன் தீர்ப்பை வழங்கினான். 1914 ஜனவரியில் ஃபோர்ட் அறிவித்த ஐந்து டொலர் நாட்சம்பளத்தை அவரது தயாளகுணத்தின் விளைவு எனப் பலர் எழுதினர். அஃது இத்தீர்ப்புக்குச் செலுத்தப்பட்ட விலை என்பதே பொருந்தும். அவ்விலையும் இலவசமாய் வரவில்லை. தொழிலாளி குடிப்பவனா, வீட்டைத் துப்புரவாய் வைத்திருப்பவனா என ஆராய ஃபோர்டின் ஆட்கள் வீடு வீடாகச் சென்றனர். கையை வாங்கியவர் வாழ்க்கையையும் வாங்க முனைந்தார்.

மூன்றாம் கட்டம் சிக்காகோ நகரை அடுத்த ஹாதோர்ன் தொழிற்சாலையில் அமைந்தது. 1924 முதல் 1932 வரை அங்கு நடந்த பரிசோதனைகள் முகாமைப் பாடநூல்கள் அனைத்திலும் இடம்பெறுகின்றன. வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. வெளிச்சம் மாற்றப்படாத குழுவிலும் கூடியது. பின்னர் ஐந்து பெண்களைத் தனியறையில் அமர்த்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தனர். மனிதர்மீது கவனம் செலுத்தினாலே போதும், அவர் உற்சாகமாய் உழைப்பர் என்னும் போதனை அதிலிருந்து பிறந்தது. ஆயின், அவ்வறைப் பெண்களுக்குக் கூலி கணக்கிடப்பட்ட முறையும் மாற்றப்பட்டிருந்தது. அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்ற காரணத்தால் ஐவருள் இருவர் இடைநடுவில் அகற்றப்பட்டு வேறிருவர் அமர்த்தப்பட்டனர். இவ்விரு செய்திகளும் அப்போதனையோடு சேர்த்துப் பெரும்பாலும் கூறப்படுவதில்லை. பேசிய பெண்களை வெளியேற்றிவிட்டு, எஞ்சியோர் மனநிறைவோடு இருந்தனர் என எழுதுவது எத்தகைய விஞ்ஞானம்?

முதலில் உடலின் அசைவை அளந்தார்கள். பின்னர் வாழ்க்கையை மேற்பார்த்தார்கள். இறுதியில் உணர்ச்சியையே உற்பத்திச் சாதனமாக்க முயன்றார்கள். ஆனால், என்ன செய்வது, எவ்வளவு செய்வது, எதற்காகச் செய்வது, விளைபயனை எவ்வாறு பங்கிடுவது என்னும் நான்கு கேள்விகளும் மூன்று கட்டங்களிலும் தொழிலாளியின் கைக்கு எட்டாத இடத்திலேயே இருந்தன. இளம் மார்க்ஸ் 1844 ஆம் ஆண்டுக் குறிப்புகளில் 'அந்நியமாதல்' என ஆராய்ந்தது இதனையே. தன் உழைப்பால் ஆன பொருளுக்கும், தன் உழைப்புச் செயலுக்கும் மனிதன் வேற்றாளாய் நிற்கும் நிலை அது. வேற்றாளாய் நிறுத்தப்பட்டவனைப் பார்த்து, 'வீட்டுக்காரனைப் போல நடந்துகொள்' என்பதே ஈடுபாட்டுப் போதனையின் சாரம்.

தூரதேசத்துக் கதையோடு நாம் நின்றுவிட வேண்டியதில்லை. நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் இதற்கு நூற்றைம்பது ஆண்டுகாலச் சான்றாய் நிற்கிறது.

நல்ல தேயிலைக்கு வேண்டுவது இரண்டு இலையும் ஒரு குருத்தும். முற்றிய இலையை விலக்கி, செடிக்கு வேண்டிய இலையை விட்டு, அடுத்த சுற்றுக்குக் குருத்து எழும் வகையில் கிள்ளுவது தேர்ந்த கைவினை. இதனைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எந்தச் செடி எப்போது கொழுந்துவிடும், எந்தச் சரிவில் மழை மண்ணை அரித்துச் செல்கிறது, எந்த மலையில் கவ்வாத்துப் பிழைத்துப் போயிற்று என்பன அவர்களுக்குத் தெரியும். ஆனால், காலைப் பெரட்டில் அவர்களிடம் எவரும் எதனையும் கேட்பதில்லை. எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொல்லப்படுகிறது. மாலையில் கொழுந்து மடுவத்துத் தராசு ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறது: எத்தனை கிலோ? குறித்த அளவு நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். சாக்குக்கும் ஈரத்துக்கும் எனக் கழிவு வேறு.

இங்கே ஓர் அறச்சிக்கல் மறைந்துகிடக்கிறது. நன்றாக வேலை செய்பவள் மெதுவாகச் செய்கிறாள். முற்றிய இலையை விலக்கி நல்ல கொழுந்தை மட்டும் எடுப்பவளின் கூடை விரைவில் நிறையாது. கொழுந்து மெலிந்த காலத்தில், தன் கைவினைக்கு உண்மையாய் இருப்பதா, பிள்ளைகளின் சோற்றுக்கு உண்மையாய் இருப்பதா என்னும் தெரிவு அவள் முன் வைக்கப்படுகிறது. அவள் இலையை வாரிப் போட்டால், 'வேலையில் கவனமில்லை' என்று கணக்கப்பிள்ளை ஏசுகிறார். கவனத்துக்குத் தண்டனை விதிக்கும் முறையை வகுத்தவர்களே கவனமின்மையைப் பற்றி முறையிடுகிறார்கள்! நீண்ட போராட்டத்தின் பின்னர் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது, பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவும் கூட்டப்பட்டது. ஒரு கையால் தந்ததைத் தராசு மறு கையால் வாங்கிக்கொண்டது.

இவ்விடத்தில் இடதுசாரிகளாகிய நாம் நம்மையும் விசாரிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். உடைமை கைமாறினால் உழைப்பின் இயல்பும் மாறிவிடும் என நம்மவர் நெடுங்காலம் நம்பினர். 1972 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1975 இல் வந்த அதன் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சராய் 1970 முதல் 1975 வரை இருந்தவர் இடதுசாரி இயக்கத்தின் மூத்த தலைவருள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. வெள்ளைத்துரை போனார். ஆனால், துரை என்னும் ஆசனம் போகவில்லை. அதே பங்களா, அதே பெரட்டு, அதே தராசு, அதே லயம். போதாக்குறைக்கு, அந்த ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன. பெயரிலேயே 'ஜன' என்னும் சொல்லைத் தாங்கிய ஜனவசம தோட்டங்களை ஆண்டது. அத்தோட்டங்களில் உழைத்தோருள் பெருந்தொகையினரோ 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்கள். சொத்து மக்களுடையதாயிற்று, உழைத்தவர்கள் அந்த மக்களுள் எண்ணப்படவில்லை. 1992 இல் முகாமை மீண்டும் தனியார் கொம்பனிகளிடம் சென்றபோது, தொழிலாளர் தமது சொத்துப் பறிபோனதாக எண்ணித் துடிக்கவில்லை என்றால் வியப்பதற்கு என்ன இருக்கிறது? ஒருபோதும் தமதாய் இராத ஒன்றை எவர் இழக்க முடியும்?

அதற்காக, அம்மக்களுக்கு மண்ணிலே பற்றில்லை என்று எவரும் கூறிவிட முடியாது. 1977 மே மாதத்தில் மலைநாட்டுத் தோட்டக் காணிகளுள் ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க முனைந்ததை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டனர். டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்னும் இளந்தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தான். பத்திரத்தில் தமக்கு ஒரு பேர்ச்சும் இல்லாத மண்ணுக்காக நின்றவர்கள் அவர்கள். அவர்களிடம் மனம் இருந்தது. அதற்கு இடந்தரும் ஒழுங்கு முறைதான் இல்லாதிருந்தது.

அண்மைக் காலத்தில் சில கொம்பனிகள் புதியதொரு முறையைக் கையாள்கின்றன. தோட்டத்தின் ஒரு பகுதிச் செடிகளை ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்து, பராமரித்துப் பறித்துக் கொடுக்கும் கொழுந்துக்கு விலை கொடுப்பது அம்முறை. 'தொழிலாளிக்குச் சொந்தக்காரன் என்னும் உணர்வு வரும்' என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம், கங்காணியின் ஏச்சைக் கேட்க வேண்டியதில்லை என அதனை விரும்புவோரும் உளர். அவ்விருப்பத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால், 'உணர்வு' என்னும் சொல்லைச் சற்று நிறுத்தி நோக்குவோம். காணியின் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது? கொழுந்தின் விலையை யார் நிர்ணயிக்கிறார்? வரட்சி வந்தால் நட்டம் யாருக்கு? சேமலாப நிதியும் பிரசவ லீவும் என்னவாகும்? உடைமையின் சுமைகள் தொழிலாளிக்கும், உடைமை கொம்பனிக்கும் எனப் பங்கிட்டால், அங்கு வளர்வது சொந்தக்காரன் என்னும் உணர்வன்று. சொந்தக்காரனின் கவலை மட்டுமே. உரிமையின்றி உணர்வை மட்டும் விளைவிக்க முயல்வது, மனிதனை அவனது நன்மனத்தாலேயே ஏமாற்றுவதாகும். வெளிப்படையான கொடுமையிலும் இஃது ஒருவகையில் இழிவானது. கொடுமையை எதிர்ப்பதற்கு வேண்டிய தெளிவையே இது கெடுத்துவிடுகிறது.

அப்படியாயின் மனம் ஒன்றிய வேலை கனவுதானா? பாக்கு நீரிணைக்கு அப்பால் கேரளத்தின் கண்ணூரில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1966 ஆம் ஆண்டுப் பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம் கேரளத்தில் நடைமுறைக்கு வந்தபோது, தொழிலாளருக்கு நியாயம் வழங்க விரும்பாத பெருமுதலாளிகள் 1968 இல் கடைகளை இழுத்து மூடினர். ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் பேர் தெருவில் நின்றனர். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், அரசின் துணையோடு, அத்தொழிலாளரின் கூட்டுறவாகத் தினேஷ் பீடி தொடங்கிற்று. ஆரம்பச் சங்கங்களின் நிருவாகிகளைத் தொழிலாளரே தெரிந்தெடுத்தனர். அப்பகுதிப் பீடித் தொழிலாளரிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் உரத்த குரலிற் பத்திரிகை வாசிப்பார். ஏனையோர் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசித்தவரின் பங்குப் பீடியையும் அவர்களே சுற்றிக் கொடுப்பார்கள். பின்னர் அச்செய்தியைப் பற்றி வாதம் நிகழும். இவ்வழக்கம் கூட்டுறவிலும் தொடர்ந்தது.

இச்சிறு வழக்கத்தில் நாம் தேடும் விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. பீடி சுற்றுவது சலிப்பூட்டும் வேலை. அதன் இயல்பை எவராலும் மாற்ற முடியவில்லை. ஆனால், அச்சலிப்பை எவ்வாறு தாங்குவது என்பதைத் தொழிலாளர் தாமே தீர்மானித்தனர். மனத்துக்கு உணவு வேண்டும் என அவர்கள் கண்டனர். அதற்குரிய செலவை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டனர். மேலிருந்து வந்த எந்த ஈடுபாட்டுத் திட்டமும் அவர்களுக்கு அதனைக் கற்பிக்கவில்லை.

அவ்வெடுத்துக்காட்டையும் நாம் பூசித்துவிடக் கூடாது. பீடி நுரையீரலை அரிக்கும் பண்டம். நியாயமான கூலியோடும் தோழமையோடும் செய்யப்பட்டாலும் அதன் பயன் தீங்காகவே முடிகிறது. புகைத்தல் குறையக் குறையத் தொழிலும் மங்கியது. கூட்டுறவும் உணவுப்பொருள், குடை முதலிய பிற தொழில்களை நாட வேண்டியதாயிற்று. இதனால் நமக்குப் புலப்படும் உண்மை, நற்பணி என்பது மூன்று நன்மைகளை வேண்டி நிற்கிறது என்பதாம். செய்பவனுக்கு அது நன்மையாதல் வேண்டும். செய்யும் முறை நன்றாதல் வேண்டும். செய்பொருளைப் பெறுவோர்க்கும் நன்மையாதல் வேண்டும். முதலிரண்டையும் கூட்டுறவு தரக்கூடும். மூன்றாவதைச் சமுதாயம் முழுவதும் கூடித் தீர்மானிக்க வேண்டும்.

சிலர் ஒரு தடையை எழுப்பக்கூடும். 'எல்லாரும் எல்லாவற்றையும் கலந்து பேசிக்கொண்டிருந்தால் கொழுந்து முற்றிவிடும். வேலைத்தலத்துக்கு ஒழுங்கும் தலைமையும் வேண்டாவா?' என்பர். வேண்டும். படகிலே சுக்கானைப் பிடிப்பவன் ஒருவனே. ஆனால், எக்கரைக்குப் போவது என்பதை அவன் தனியே தீர்மானிப்பதில்லை. பிழையாகப் பிடித்தால் சொல்ல மற்றவர்களுக்கு வாயிருக்கிறது. கரை சேர்ந்தபின் மீனைப் பங்கிடும் முறையும் எல்லாருக்கும் தெரியும். ஒழுங்கு வேறு, அடக்குமுறை வேறு. வள்ளுவர் தெரிந்து வினையாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். தக்கவனை ஆராய்ந்து தக்க பணியை ஒப்படைக்கும் அறிவை ஆள்வோனுக்கு அது போதிக்கிறது. நல்ல போதனையே. ஆயின், தன்னை ஆள்வோன் தக்கவனா என ஆராயும் உரிமை பணி செய்வோனுக்கும் உண்டு என்பது நமது காலம் சேர்க்க வேண்டிய அதிகாரம்.

இன்னுமொரு தடை கடினமானது. 'கான் துப்புரவாக்குவதிலும் மலசலகூடம் கழுவுவதிலும் எவன் மனம் ஒன்றுவான்?' என்பது அது. எல்லா வேலையும் இன்பமாகும் என நாம் வாக்களிக்கவில்லை. அருவருப்பான வேலை உலகில் இருக்கவே செய்யும். அதனை ஒரு சாதியின் தலையிற் பிறப்பாலே சுமத்திவிட்டு, அவர்களுக்கு அதில் ஈடுபாடு போதாது என்று கூறும் சமுதாயம் வெட்கப்பட வேண்டும். அவ்வேலையைப் பொறிகளால் எளிதாக்குவதும், எஞ்சியதற்கு உயர்ந்த கூலி கொடுப்பதும், முறைவைத்துப் பகிர்வதும் அறம். மகிழ்ச்சியைக் கோர முடியாத இடத்திலும் மதிப்பை வழங்க முடியும்.

இறுதியாக, இதனை வாசிப்போருள் ஆசிரியர் பலர். நமது வேலைத்தலத்தையும் சற்றே நோக்குவோம். பெறுபேற்றுச் சதவீதமே நமது தராசாகிவிடவில்லையா? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் எத்தனை பேர் சித்தியெய்தினர் என்பதே பாடசாலை மடுவத்தில் நிறுக்கப்படுகிறது. மெதுவாகக் கற்கும் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து ஒரு மணி நேரத்தைச் செலவிடும் ஆசிரியை, நல்ல கொழுந்தை மட்டும் கிள்ளும் அப்பெண்ணைப் போலவே, அத்தராசில் தோற்றுப்போகிறாள். மேலிருந்து வந்த சுற்றறிக்கையை முணுமுணுத்தபடி ஏற்கும் நாம், வகுப்பறைக்குள் நுழைந்ததும் சிறு துரைகளாகிவிடுகிறோம். என்ன கற்பது, ஏன் கற்பது என ஒரு நாளாவது கேட்கப்படாத மாணவனைப் பார்த்து, 'படிப்பிலே மனமில்லை' என்கிறோம்.

பெருந்தோட்டத்தை மாற்றுவது நம் ஒருவரால் ஆவதன்று. அது பெரும்போராட்டத்தின் பணி. ஆனால், மனத்தைக் கேட்பவன் முதலிற் பேச்சுரிமையைக் கொடுக்க வேண்டும் என்னும் விதியை நம் வகுப்பறையில் நாளை காலையே நடைமுறைப்படுத்தலாம். ஆசிரியர் கூட்டத்தில் அதனை நமக்காகக் கோரலாம். சங்கத்தில் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து, வேலையின் அளவையும் முறையையும் தீர்மானிக்கும் உரிமையையும் எழுதலாம். தேயிலை மலையிலிருந்து வரும் பிள்ளை நம் வகுப்பில் இருந்தால், அவனுடைய தாய்க்குத் தெரிந்ததைக் கேட்டு வந்து சொல்லுமாறு ஒருநாள் பாடம் கொடுக்கலாம். எந்தச் செடி எப்போது கொழுந்துவிடும் என்பதை அவளிடம் இதுவரை எவரும் கேட்டதில்லை. கேட்கப்பட்ட நாளில் அவ்வீட்டில் என்ன நிகழ்கிறது என்பதை அப்பிள்ளையின் முகமே நமக்குச் சொல்லும்.